பக்கிள் மாட்டாத லைஃப் ஜாக்கெட்: வேகப் படகில் ஏறும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தால் மட்டும் போதாது, தாடைப் பட்டையையும் மாட்டணும் என்பார்கள். உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது சேஃப்டி பெல்ட்டின் தொடைப் பட்டை வரைக்கும் எல்லாக் கொக்கியும் பூட்டியிருக்கணும் என்பார்கள். சேஃப்டி ஆபீசர் கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. ஆனால் அதே நாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு படகில் ஏறும்போது என்ன செய்கிறோம்? லைஃப் ஜாக்கெட்டைச் சட்டை மாதிரித் தோளில் போட்டு, முன்பக்கம் திறந்தபடியே செல்ஃபிக்கு நிற்கிறோம். கேட்டால், "அரை மணி நேரம்தானே!"

அந்த அரை மணி நேரத்துக்கு என்ன விலை என்பது திருவள்ளூர் மாவட்டத்துக்குத் தெரியும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப் படகு ஒன்றில் உறவினர்கள் கூட்டமாகச் சவாரி போனார்கள். படகு கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆழமில்லாத ஏரிதான். ஆனால் கடல் உள்ளே வந்து போகும் முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பும் அலையும் வேறு மாதிரி. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

அது மெதுவாகப் போகும் மீன்பிடிப் படகு. இப்போது நாம் ஆசைப்பட்டு ஏறுவது வேகப் படகில், தண்ணீர் ஸ்கூட்டரில். முட்டுக்காடு படகுத் துறைக்கு நம் பக்கத்திலிருந்து வேன் வைத்துப் போகிறவர்கள் நிறைய. கம்பெனி டூர் என்றால் கேட்கவே வேண்டாம். வேகம் கூடும்போது லைஃப் ஜாக்கெட் பற்றிய கணக்கே மாறிவிடுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஓடுகிற படகிலிருந்து தண்ணீரில் விழுகிறவரின் உடம்பு, விழுந்த கணத்தில் படகின் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். எதிரே இருக்கும் தண்ணீர் அவரைப் பிடித்து நிறுத்தும். அப்படி நிறுத்தும் விசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விழுவதற்கும் 40-இல் விழுவதற்கும் அவ்வளவு வித்தியாசம். அந்த விசை ஜாக்கெட்டின் மேலும்தான் பாயும். பட்டை தளர்ந்திருந்தால் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும். பக்கிள் மாட்டாவிட்டால் கையைவிட்டு உருவிக்கொண்டு போய்விடும். ஜாக்கெட் ஒரு பக்கம் மிதக்கும், ஆள் ஒரு பக்கம். படகு தானாகக் கவிழ வேண்டும் என்றுகூட இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் எலிஃபண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல் கமல்' பயணிகள் படகின் மேல், என்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு கட்டுப்பாடு இழந்து மோதியது. 15 பேர் உயிரிழந்தார்கள். அந்த மோதலில் பயணிகள் செய்த தவறு எதுவும் இல்லை. மோதல் நடந்த பிறகு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கு நேரம் இருக்கும்?

சரி, எந்த ஜாக்கெட்?

முதலில் ஒரு பொதுவான பயத்தைத் தீர்த்துவிடுவோம். "நான் 90 கிலோ, இந்தக் கைப்பிடி ஸ்பான்ஞ்சா என்னைத் தாங்கும்?" தாங்கும். தண்ணீருக்குள் நம் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. பெரியவர் ஒருவரின் தலையை மேலே வைத்திருக்க, கூடுதலாக ஏறக்குறைய 5 கிலோ மிதப்பு இருந்தாலே போதும். ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளில் 50, 100, 150 என்று ஒரு எண்ணும், பக்கத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். அது நியூட்டன். 10 நியூட்டன் என்றால் ஒரு கிலோவைத் தாங்கும் மிதப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. 12402 என்ற சர்வதேசத் தரத்தில் இந்தப் பிரிவுகள் வருகின்றன.

50 நியூட்டன் என்பது நன்றாக நீச்சல் தெரிந்தவர்களுக்கு, கரைக்குப் பக்கத்தில், உதவிக்கு ஆள் இருக்கும் இடத்துக்கு. மயங்கி முகம் குப்புற மிதப்பவரை அது திருப்பிப் போடாது. நீச்சல் தெரியாதவர் என்றால் 100 நியூட்டனுக்குக் குறையாமல் கேளுங்கள். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் திண்டு இருக்கிற மாடல் நல்லது. கரையை விட்டுத் தள்ளிக் கடலுக்குள் போவதற்கு 150. நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்த ஊர்க் கிணற்றில் பத்து வயதில் நீந்தியதையும் தயவுசெய்து கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆன்லைனில் மெல்லிசாக, அழகாக ஒரு வகை வருகிறது. தண்ணீர் பட்டதும் சின்ன வாயு உருளை திறந்து தானாக ஊதிக்கொள்ளும். பாய்மரப் படகில் வேலை செய்கிறவர்களுக்கு அது வசதி. வேகப் படகுக்கும் தண்ணீர் ஸ்கூட்டருக்கும் பொதுவாக அது ஏற்றதல்ல. அடிக்கும் தண்ணீரிலேயே திறந்துகொள்ளலாம். வேகமாக விழும்போது, ஊதுவதற்கு முன்பே நாம் அடிபட்டுவிடலாம். உள்ளே நுரைத் திண்டு வைத்துத் தைத்த ஜாக்கெட்டே இதற்குச் சரி. அதிலும் மார்புக்குக் குறுக்கே மூன்று நான்கு பட்டைகள் உள்ளது வேகத்துக்கு இன்னும் பொருத்தம். ஜிப் மட்டும் வைத்த ஜாக்கெட்டை நம்பாதீர்கள், ஜிப் பிளந்துகொள்ளும். குழந்தைகள் நீச்சல் குளத்தில் போடும் காற்றடைத்த கைவளையம், கார்ட்டூன் போட்ட நீச்சல் உடுப்பு எல்லாம் லைஃப் ஜாக்கெட் கிடையாது. அவற்றிலேயே பொடி எழுத்தில் 'உயிர் காக்கும் சாதனம் அல்ல' என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். வாங்கும்போது இந்தியக் கப்பல் பதிவகமான ஐ.ஆர்.எஸ். அல்லது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

நிறம்? ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள். நீலமும் கறுப்பும் போட்டோவில் நன்றாக இருக்கும். தண்ணீரில் தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. விசில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் இருந்தால் நல்லது.

பெரும்பாலும் நாம் வாங்கப்போவதில்லை, படகுத் துறையில் கொடுப்பதைத்தான் போடப்போகிறோம். அங்கே பரிசோதனை உங்கள் கையில். போன வருஷம் ஒரு படகுத் துறையில் எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் ஒரு பக்கிளின் பல் உடைந்திருந்தது. மாட்டினால் 'டிக்' சத்தம் வந்தது, இழுத்தால் கழன்றுவிட்டது. சத்தத்தை நம்பி அப்படியே ஏறியிருப்பேன். பின்னால் நின்ற ஒரு அக்காதான், "தம்பி, இழுத்துப் பாருப்பா" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கிளையும் மாட்டி, இழுத்துப் பார்க்கிறேன். நீங்களும் இழுங்க. கூடவே திண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கிய இடம் மேலே எழும்பாமல் பள்ளமாகவே நின்றால், கல் மாதிரி இறுகியிருந்தால், நுரையின் ஆயுசு முடிந்துவிட்டது. தையல் விட்டது, பட்டை வெளுத்து நைந்தது, தண்ணீர் ஊறிக் கனப்பது எதுவானாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மாட்டும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்திக்கொண்டு உள்ளே நுழையுங்கள். ஜிப் இருந்தால் மேலே வரை இழுங்கள். பிறகு இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள், அதன் பின் ஒவ்வொன்றாக மேலே வாருங்கள். இடுப்பு இறுக்கமாக இருந்தால்தான் ஜாக்கெட் மேலே ஏறாது. மூச்சு நன்றாக விட முடிய வேண்டும், ஆனால் தொளதொள என்று இருக்கக் கூடாது. இரண்டு காலுக்கும் நடுவே போகும் பட்டை இருந்தால், அதை அசிங்கமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். உயரத்தில் தொங்குகிறவரைத் தொடைப் பட்டை எப்படி பெல்ட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கிறதோ, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. மிச்சம் தொங்கும் பட்டை நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். வேகத்தில் அது சாட்டை மாதிரி அடிக்கும், எதிலாவது மாட்டவும் செய்யும்.

இப்போது முக்கியமான சோதனை. கையை இரண்டையும் தலைக்கு மேலே தூக்குங்கள். பக்கத்தில் இருப்பவரை, ஜாக்கெட்டின் இரண்டு தோள் பகுதியையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள. ஜாக்கெட் தாடையைத் தாண்டிக் காது வரை வந்தால் அது உங்களுக்குப் பெரிசு, அல்லது இன்னும் இறுக்க வேண்டும். பத்து விநாடி வேலை. வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை செய்யுங்கள்.

துப்பட்டா, சேலை முந்தானை, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு இவை எதுவும் ஜாக்கெட்டுக்கு மேலே வரக் கூடாது. ஜாக்கெட்தான் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே. தோள் பை, குழந்தையைச் சுமக்கும் தொட்டில் பை எதையும் அதற்கு மேல் மாட்டாதீர்கள். போன் தண்ணீர் புகாத உறையில் உள்ளே இருக்கட்டும். ஒரு கையில் போனைப் பிடித்திருப்பவருக்குப் படகைப் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் மிச்சம்.

குழந்தைகள் விஷயத்தில் சமாதானமே வேண்டாம். 2024 ஜனவரி 18 அன்று குஜராத் மாநிலம் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் இருந்த எல்லோருக்கும் ஜாக்கெட் தரப்பட்டிருக்கவில்லை. பெரியவர்களுக்கு மார்பளவு பார்த்து ஜாக்கெட் எடுப்பது போல, குழந்தைக்கு எடை பார்த்து எடுக்க வேண்டும். லேபிளில் எத்தனை கிலோவுக்கு என்று இருக்கும். குழந்தைகளின் ஜாக்கெட்டில் நியூட்டன் எண் குறைவாக இருக்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, "வளர்ற பையன், கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்கிற நம் பழக்கத்துக்கு. பள்ளிச் சீருடைக்கு அது சரி. இங்கே, பெரிய ஜாக்கெட்டிலிருந்து குழந்தை கீழே நழுவி வெளியே வந்துவிடும். கழுத்துத் திண்டு, காலிடுக்குப் பட்டை, பின்பக்கம் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். அந்த அளவு ஜாக்கெட் அங்கே இல்லையென்றால் குழந்தை கரையில் இருக்கட்டும். அழுவான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

படகு ஓட்டுபவரையும் ஒரு முறை பாருங்கள். வேகப் படகின் என்ஜின் சுவிட்சிலிருந்து சுருள் சுருளாக ஒரு கயிறு தொங்கும். அதன் மறுமுனை அவர் உடம்பிலோ ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு என்ஜின் நின்றுவிடும். இல்லையென்றால் ஆளில்லாத படகு விசிறியோடு சுற்றி வந்து, தண்ணீரில் இருப்பவர்கள் மேலேயே ஏறலாம். அமெரிக்காவில் 26 அடிக்கும் குறைவான படகுகளில் இதை மாட்டி ஓட்டுவது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். "அண்ணா, அந்தக் கயிற்றை மாட்டிக்கோங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஒருவேளை தண்ணீரில் விழுந்துவிட்டால் கரையை நோக்கி நீந்த முயலாதீர்கள். முழங்காலை மார்போடு ஒட்டி மடக்கி, மல்லாந்து மிதந்தபடி விசிலை ஊதுங்கள். இரண்டு மூன்று பேர் இருந்தால் கைகோத்து ஒன்றாக இருங்கள். கவிழ்ந்த படகு மிதந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தலையைவிடப் படகும் கூட்டமும் தூரத்திலிருந்து சுலபமாகத் தெரியும்.

போனில் இப்போதே இந்த எண்களைச் சேமித்துவிடுங்கள்: எந்த அவசரத்துக்கும் 112, கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. ஜாக்கெட் தராமலோ, உடைந்ததைக் கொடுத்தோ, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியோ படகு விடுவதைப் பார்த்தால், போட்டோவோடு முதல்வரின் முகவரி உதவி மையம் 1100-இல் புகார் சொல்லலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம்.

கம்பெனி டூர் ஏற்பாடு செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பேர் எழுதி வாங்கும்போதே பெரியவர்களின் மார்பளவு, குழந்தைகளின் எடை, நீச்சல் தெரியுமா என்பதையும் எழுதி வாங்கி, படகுத் துறைக்கு முன்கூட்டியே போன் செய்து அந்த அளவுகள் இருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் யூனிட்டில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால் பக்கிள் மாட்டும் முறையை அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரைக் கூட நிறுத்துங்கள். தமிழில் மைக்கில் சொல்லிவிட்டால் அவர்களுக்குப் போய்ச் சேராது.

சொந்த ஜாக்கெட் வாங்கியவர்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் துணியும் பட்டையும் சீக்கிரம் இற்றுப்போகும். காரில் தலையணையாகவும், கரையில் உட்காரும் மெத்தையாகவும் வைத்து அமுக்கினால் நுரை நசுங்கிவிடும். அடுத்த விடுமுறைக்கு எடுக்கும்போது பக்கிளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், பிள்ளையை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். ஆறு மாசத்தில் அவனுக்கு அது சின்னதாகியிருக்கலாம்.