வீடு செப்பனிடும்போது மீன்தொட்டியை இடம் மாற்றும் முறை

வீட்டிலோ பள்ளியிலோ சுவருக்கு வெள்ளையடிக்கவும், தளத்தைப் புதுப்பிக்கவும், கறையான் தடுப்பு மருந்து செலுத்தவும் நேரும்போது, அங்குள்ள மீன்தொட்டியைச் சில நாட்களுக்கு வேறிடத்தில் வைக்க வேண்டியதாகிறது. நாற்காலி மேசைகளை அகற்றுவது போன்றதே இதுவும் எனப் பலர் கருதுகின்றனர். மீன்களைப் புதுநீர் நிரம்பிய வாளியில் விட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகின்றனர். முதல் நாள் மீன்கள் நலமாகவே காணப்படும்; மூன்றாம் நான்காம் நாட்களில் ஒவ்வொன்றாக மடியத் தொடங்கும். இவ்விழப்பின் காரணம் எளியது. அதைத் தடுப்பதும் எளிது.

தொட்டியில் வாழும் மற்றோர் இனம்

மீன்கள் தம் உடற்கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா உண்டாகிறது. இது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. நன்கு நிலைபெற்ற தொட்டியில் சிலவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. இந்நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டில் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் தனித்துப் பிரித்துக் காட்டினார். இவ்விரு மாற்றங்களையும் ஒரே உயிர் செய்ய வல்லது என்பது 2015இல் தெளிவாயிற்று.

இவை நீரில் மிதந்து திரிவன அல்ல; வடிகட்டியின் பஞ்சு, கூழாங்கல், கண்ணாடி ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வன. ஆகவே, பழைய நீரை மட்டும் காத்துவைப்பதால் பயனில்லை. வடிகட்டிப் பஞ்சு உலர்ந்தாலும், குளோரின் கலந்த குழாய்நீரில் அலசப்பட்டாலும் அவை அழியும். மூடிய வடிகட்டியில் நீரோட்டம் சில மணி நேரம் நின்றாலும் பிராணவாயு இன்றிக் கேடுறும். அழிந்தபின் மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். இடம் மாற்றப்பட வேண்டியவை மீன்கள் மட்டுமல்ல, இந்நுண்ணுயிர்களுமே என்பதே இப்பாடத்தின் சாரம்.

சுண்ணாம்பும் வர்ணமும்

தொட்டியைத் துணியால் மூடி, வேலை நடக்கும் அறையிலேயே விட்டுவைப்பது தகாது. காற்றுப் பம்பு அறையின் காற்றையே உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிறது. அதனுடன் வர்ணம், வார்னிஷ், டர்ப்பென்டைன் ஆகியவற்றின் ஆவியும் உட்புகும். கௌராமி, சண்டைமீன் போன்றவை நீர்மட்டத்திற்கு மேல் வந்து காற்றை நேராகச் சுவாசிப்பதால் அவற்றுக்குத் தீங்கு இன்னும் அதிகம். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும்.

சுண்ணாம்புத் தூளின் தீமை வேறு வகையானது. அது நீரில் விழுந்தால் காரத்தன்மை உயரும். 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், நீரின் பி.எச். 7 ஆக இருக்கையில் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8இல் அது 5 சதவீதத்தையும், 9இல் 36 சதவீதத்தையும் எட்டும். முன்பு தீங்கற்றிருந்த நீரே இவ்வாறு நஞ்சாகிறது.

மாற்றும் முறை

1. முன்தினம் மீன்களுக்கு உணவிடாதிருத்தல் நன்று. கழிவு குறையும், ஓரிரு நாள் பட்டினியால் வளர்ந்த மீன்களுக்குத் தீங்கில்லை.

2. வெயில் படாத, வர்ண வாடை எட்டாத அறையைத் தேர்ந்து, சோப்பு படாத அகன்ற பிளாஸ்டிக் தொட்டியொன்றை அங்கு வைக்க வேண்டும். பழைய நீரில் மூன்றில் இரண்டு பங்கை அதில் நிரப்புக.

3. வடிகட்டியை ஈரம் மாறாமல் எடுத்து உடனே புதிய இடத்தில் இயக்குக. கூழாங்கற்களில் ஒரு பகுதியையும் வலைப்பையிலிட்டு உடன் வைக்கலாம்.

4. பழைய தொட்டியில் நீர் ஒரு சாண் அளவுக்குக் குறைந்தபின் மீன்களைப் பிடித்தால் துரத்தி அலைக்கழிக்க நேராது. மீன்கள் துள்ளி வெளிவிழாதபடி புதிய இடத்தை வலையால் மூடுக.

5. நீரோடு தொட்டியைத் தூக்கலாகாது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீரின் எடை மட்டுமே 54 கிலோ. கண்ணாடியின் ஒட்டுகள் பிளந்துவிடும்.

தற்காலிகத் தொட்டியில் உணவு சிறிதளவே இடவேண்டும். மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவித்தால், குளோரின் நீக்கிய நீரால் கால்பங்கை உடனே மாற்றுக. கோடையில் கவனம் கூடுதலாக வேண்டும்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும்.

வேலை முடிந்து வர்ண வாடை முற்றிலும் நீங்கியபின், சோப்பின்றித் தொட்டியைத் துடைத்து, இதே முறையில் திரும்ப அமைக்கலாம்.

இடமில்லை என்பதற்காக மீன்களை ஏரி குளங்களில் விட்டுவிடுதல் பெருந்தவறு. அழகுக்காக வளர்க்கப்பட்ட தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறு இன்று மேற்கு வங்காளம், கேரளம் முதலிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பரவியுள்ளது. வைக்க இடமில்லாதோர் மீன்களை நண்பரிடமோ மீன் விற்பவரிடமோ ஒப்படைக்கலாம்.

வகுப்பில் செய்யத்தக்கது

பள்ளித் தொட்டியை மாற்றும் வாய்ப்பு நேரும்போது ஆசிரியர்கள் அதனைப் பாடமாகவே நடத்தலாம். மாற்றுவதற்கு முன்பும், மாற்றியபின் பத்து நாட்கள் வரையிலும் நீரின் வெப்பம், பி.எச்., அமோனியா, நைட்ரைட் ஆகியவற்றை மாணவர்கள் நாள்தோறும் அளந்து குறித்து வரட்டும். அளவு ஏறிய நாளில் மீன்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்பதையும் அருகில் எழுதட்டும். கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் உழைப்பை இந்த ஏடு அவர்களுக்குக் கண்கூடாகக் காட்டும்.