ஆட்டையும் சேர்த்துச் சொல்

தாராவி, மும்பை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. எழுதி முடித்ததும் அத்தை இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். ஃபோனில் பேசினால் நீ ‘சரி மாமா, சரி மாமா’ என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுத்து.

இருபது நாளைக்கு முன் சினையாடு மாதம் நிறையாமல் குட்டி போட்டதையும், விழாமல் நின்ற இளங்கொடியை வெறுங்கையால் நீயே இழுத்துப் போட்டதையும் பெரிய வீரச் செயல் மாதிரிச் சொன்னாய். கூடவே, சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி பனியன் நனைகிற அளவுக்கு வேர்வை, இடுப்பு கழன்றுவிடும் போல வலி என்றாய். டாக்டர் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்திருக்கிறாராம். அவரிடம் ஆட்டைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். ‘ஆட்டைப் பத்தி அவருகிட்ட எதுக்கு மாமா?’ என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நான் இந்த ஊருக்கு வந்ததும் சேர்ந்தது டேனரியில் என்று உனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் அப்போது அந்த வேலைதான். பாந்த்ராவில் இருந்த கசாப்புக்கூடம் 1971இல் செம்பூருக்கு அந்தப்பக்கம் தேவனாருக்குப் போன பிறகும் பச்சைத்தோல் எங்களைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தது. வெளியூரிலிருந்து உப்புத்தோலும் லாரியில் வரும். எந்த ஆடு, எதனால் செத்தது என்று யார் பார்த்தார்கள்? தோளில் சுமந்து போய்ச் சுண்ணாம்புக் குழியில் போடுவோம்.

என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவனுக்கு முழங்கைக்குக் கீழே பூச்சி கடித்த மாதிரி ஒரு கொப்புளம் வந்தது. அரித்தது, வலிக்கவில்லை. வலிக்காததால் அவன் அதை மதிக்கவும் இல்லை. நாலைந்து நாளில் நடுவில் கரி வைத்தாற்போலக் கறுத்து, கை முழுக்க வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. நான்தான் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ‘என்ன வேலை?’ என்று கேட்டார். ‘மில்லு வேலை’ என்றான். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மில் என்றால் அன்றைக்குக் கௌரவம். தோல் என்றால் அடுத்த கேள்வி சாதிக்குப் போகும் என்று இருவருக்குமே பயம். களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மில்காரனுக்கு வரக்கூடிய புண்ணுக்கு அவர் வைத்தியம் பார்த்தார்.

மறுநாள் எங்கள் மேஸ்திரி அந்தக் கையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் ‘இது அடைப்பான்டா’ என்றார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருமே, நின்றது நின்றபடி விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்து சாகுமே, அதுதான். அவரே டாக்டரிடம் போய் ‘இவன் பச்சைத்தோல் தூக்குகிறவன்’ என்று சொன்னார். பென்சிலின் ஊசி போட்டார்கள், பிழைத்தான். மருந்து அதே மருந்துக்கடையில் முந்தின நாளும் இருந்தது.

2005 ஜூலை 26 உனக்கு நினைவிருக்காது, ஐந்து வயது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் உன்னைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தேன். உனக்குக் கால்கூட நனையவில்லை. என் குதிகாலில் தகரம் கிழித்திருந்தது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போகிற வலி. இந்தத் தடவை டாக்டர் கேட்கும் முன்பே சொன்னேன்: ‘வெள்ளத்தில் நின்றேன், காலில் வெட்டு, வீட்டைச் சுற்றி எலி.’ எலிக்காய்ச்சல் என்று ரத்தம் எடுத்து, அன்றே மருந்தை ஆரம்பித்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகத்தையோ நுரையீரலையோ பிடித்திருக்கும். அந்த ஆகஸ்டில் இந்த நகரத்தில் அப்படிப் போனவர்கள் உண்டு. இப்போது மழைத் தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநகராட்சியே ஒவ்வொரு மழைக்காலமும் சொல்கிறது. ராத்திரியில் தடியும் டார்ச்சுமாக எலி அடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிற ஊர் இது.

இதை மும்பை வியாதி என்று நினைக்காதே. எலி, மாடு, நாய், பன்றி எல்லாவற்றின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரும். சேற்றில் நாள் முழுக்க நிற்கிற உழவனுக்குத்தான் அது பழைய சொந்தம். நடவு முடிந்து காய்ச்சல் வந்தால், வயலில் நின்றேன் என்று சொல்.

மறைப்பது நம்மோடு தொடங்கியதும் இல்லை. 1896இல் மாண்ட்வியில் எலிகள் செத்து விழுந்து, டாக்டர் வியேகாஸ் இது பிளேக் என்று கண்டுபிடித்தபோது, சோதனைக்காரர்கள் வீடு புகுந்து ஆளைத் தூக்கிப்போய்விடுவார்கள் என்று ஜனங்கள் நோயாளியை ஒளித்துவைத்தார்கள். பாதி ஊர் ரயிலேறிக் கிராமத்துக்கு ஓடியது, நோயும் கூடவே டிக்கெட் இல்லாமல் போனது. அந்தப் பயத்தில்தான் 1898இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வந்து, தாதர், மாட்டுங்காவில் காற்றோட்டமான மனைகளைப் பிரித்தது. மாட்டுங்காவில் காபி குடிக்கப் போகும்போதெல்லாம் நீ ‘இந்தத் தெரு மட்டும் ஏன் இப்படி அகலமா இருக்கு?’ என்று கேட்பாயே, அதற்குப் பதில் இது. எலியும் தெள்ளுப்பூச்சியும் போட்டுக்கொடுத்த தெரு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆடு குறைமாதத்தில் குட்டி போடப் பல காரணம் உண்டு. அதில் ஒன்று புருசெல்லோசிஸ். அந்தக் கிருமி கொடியிலும் பனிக்குட நீரிலும் பாலிலும் இருக்கும், கையில் சிறு கீறல் போதும். மனிதனுக்கு வந்தால் நீ சொன்ன மாதிரியேதான் இருக்கும். டைபாய்டு, டிபி என்று சுற்றவிட்டு மாதக்கணக்கில் ஆளை உருக்கும். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. நாளைக் காலையில் போய், ‘ஆடு இன்ன தேதியில் குறைக்குட்டி போட்டது, கொடியை வெறுங்கையால் எடுத்தேன்’ என்று அவரிடம் சொல். ரத்தம் எடுக்கிற லேபிலும் சொல்லச் சொல், அங்கே இருக்கிறவர்களுக்கும் அது ஒட்டும். அதுதான் என்றால் இரண்டு மருந்தாக ஆறு வாரம் சாப்பிடச் சொல்வார்கள். இரண்டாவது வாரமே உடம்பு தேறிவிடும், நீ நிறுத்திவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். நிறுத்தினால் திரும்பி வரும்.

அக்காவையும் கூட்டிப்போ. இருமலுக்கு நல்லது என்று பீச்சின சூட்டோடு ஆட்டுப்பால் குடிக்கிறவள் அவள். நான் சொன்னால் ‘எங்க ஆத்தா குடிச்சு எண்பது வயசு இருந்தா’ என்பாள். பதில் பேசாதே, பாலைப் பொங்கவிட்டு டம்ளரில் ஊற்றிக் கையில் கொடு.

மாடு நல்லபடி கன்று ஈன்றால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறோம். குறைமாதக் கொடியை அப்படிக் கட்டாதே, நாய் இழுத்தால் ஊர் முழுக்கப் போகும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதை. அடைப்பான் மாதிரித் திடீரென்று மாடு செத்தால் தோலை உரிக்கவோ அறுக்கவோ யாரையும் விடாதே. 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்வார்கள். அப்புறம், மாடு எச்சில் ஒழுகவிட்டு, தீனி விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் என்னவோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுகிறீர்களே, அது வெறிநாய் கடித்த மாடாக இருக்கலாம். தெரியாமல் கை வைத்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கிற நோய் இல்லை அது. வந்துவிட்டால் ஆள் இல்லை.

ஊருக்குப் போகிற பையனிடம் முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை நாலு ஜோடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அத்தை அதோடு உனக்கு முறுக்கும் வைத்திருக்கிறாள், இரண்டையும் ஒரே பையில் வைக்காதே என்று அவளிடம் சண்டை போட்டேன். இன்னொரு ஆடும் சினை என்றாயே, அது ஈன்றதும் எத்தனை குட்டி என்று சொல். அதற்கு முன்னால், டாக்டர் என்ன சொன்னார் என்று நாளை மத்தியானமே ஃபோன் பண்ணு.

அன்புடன்,
மாமா