பழைய மர ரம்பத்துக்குப் பெரிய சிலிண்டர்

திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கங்களில் நம் அங்கத்தினர் பலர் தறியையும் மாந்தோப்பையும் ஒருங்கே கொண்டு பிழைப்பவர்கள். காய்ப்பு ஓய்ந்த மரத்தை அகற்றவும், 2016 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையருகே கரை கடந்த வர்தா போன்ற புயல்கள் சாய்த்துவிடும் மரங்களைத் துண்டாக்கவும் பெட்ரோல் மர ரம்பம் வேண்டியிருக்கிறது. ஒருவர் தனியே வாங்க அதன் விலை மிகுதி. ஆதலின் பழைய ரம்பம் ஒன்றைப் பலர் கூடி வைத்துப் பயன்படுத்துவது சிக்கனமான வழி. அது ஒரு நாள் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், “பெரிய சிலிண்டராகவே போட்டுவிடுவோம், வேலையும் விரைவில் முடியும்” என்ற யோசனை உடனே பிறக்கிறது. யோசனை தவறன்று. ஆனால் பணம் எடுப்பதற்கு முன் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு: பழைய சிலிண்டர் எதனால் கெட்டது?

சிலிண்டரின் இயல்பை முதலில் அறிவோம். பழைய மோட்டார் சைக்கிளின் இரும்புச் சிலிண்டர் தேய்ந்தால், லேத் பட்டறையில் போர் செய்து சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். மர ரம்பத்தில் அது இயலாது. அதன் சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. உட்சுவரில் கடினமான முலாம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். போர் செய்தால் முலாம் போய்விடும். ஆகவே சிலிண்டரையும் பிஸ்டனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

பெரிய சிலிண்டரால் கிடைக்கும் பயன் எவ்வளவு? ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் செய்த 070, 090 என்னும் ரம்பங்களை உதாரணமாகக் கொள்வோம். இரண்டிலும் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 40 மில்லிமீட்டர். சிலிண்டரின் உள்விட்டம் 070இல் 58, 090இல் 66 மில்லிமீட்டர். 070இல் 090இன் சிலிண்டரைப் பொருத்தும் வழக்கம் மெக்கானிக்குகளிடையே உண்டு. விட்டம் கூடுவது ஏழில் ஒரு பங்குதான். கொள்ளளவோ 106 கன சென்டிமீட்டரிலிருந்து 137 ஆகிறது. ஆழம் மாறாமல் கிணற்றைச் சற்றே அகலப்படுத்தினால் நீரின் அளவு எவ்வளவு கூடும் என்பதை அறிந்த விவசாயிகளுக்கு இது வியப்பாயிராது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். கெட்ட பிஸ்டனை எறிந்துவிடாதீர்கள். அது சாட்சி சொல்லும். புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் கீறல் இருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையால் சூடேறியது என்று ஐயுறலாம். கலவை நுழையும் பக்கத்தில் தேய்வு இருந்தால், காற்று வடிகட்டி வழியே தூசி புகுந்திருக்கும். சுற்றிலும் கீறியிருந்தால், பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்தவர் யாரோ உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வேறு ஆயில் கிடையாது. பெட்ரோலோடு வருவதுதான் அதற்கு உயிர். சாதாரண இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலாயின் லிட்டருக்கு 40 மில்லிலிட்டர், தயாரிப்பாளர் 1க்கு 50 என்று விதித்த ஆயிலாயின் 20 மில்லிலிட்டர் கலக்க வேண்டும். பலர் கை மாறும் ரம்பத்துக்குக் கலவையை ஒருவரே தயாரித்து, கேனின் மேல் நாளும் அளவும் எழுதிவைத்தல் நலம்.

காற்று மிகுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, தேய்ந்த ஆயில் சீல் அல்லது கிழிந்த கேஸ்கட் வழியே அடிப்பெட்டிக்குள் காற்று புகுவது. மற்றொன்று இக்காலத்தது. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலிலேயே பிராணவாயு இருப்பதால், பழைய பெட்ரோலுக்கென்று திருகிவைத்த கார்புரேட்டர் இன்று பெட்ரோல் குறைந்த கலவையையே தரும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர்க் குழாயையும் சவ்வையும் கெடுக்கும். இவற்றைத் திருத்தாமல் புதுச் சிலிண்டர் போட்டால், பழையது போன வழியே புதியதும் போகும்.

பொருத்தும் முறை வருமாறு. கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கை முதலில் மாற்றுங்கள். ஆயில் சீல், கேஸ்கட், ரப்பர்க் குழாய் யாவும் புதிதாக இருக்கட்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகை வெளியேறும் பக்கம் நோக்க வேண்டும். ரிங்கின் முனைகள் பிஸ்டனிலுள்ள ஊசியில் அமராவிடில், துவாரத்தில் சிக்கி ஒடியும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறுகச் சிறுக முறுக்குங்கள். பிளக் துளை வழியே மெல்லிய ஈயக் கம்பியைச் செலுத்தி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பி அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பிஸ்டன் மேலே இடிக்கும் அபாயம் உண்டு. ஓடத் தொடங்கியபின் கலவைத் திருகை இடப்பக்கம் சிறிது திறந்து வையுங்கள். முழு வேகத்தில் வெற்றாக ஓடுகையில் ஒலி சற்றே கரகரக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். முதல் சில டாங்கு பெட்ரோல் தீரும் வரை பெருமரத்தில் இறக்கலாகாது.

இத்தனையும் செய்தபின்னும் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்து ரம்பங்கள் பலவற்றில் சங்கிலியை நொடியில் நிறுத்தும் பிரேக் இல்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பரும் இல்லை. நாம் கூட்டியது சக்தியை மட்டுமே, காப்பை அன்று. பட்டையின் மேல்முனை மரத்தில் பட்டால் ரம்பம் பிடித்தவர் முகத்தை நோக்கி எழும். ஆகவே இத்தகைய ரம்பத்தை மரத்தின் மீதேறிக் கிளை வெட்டக் கொடுக்கலாகாது. தரையில் கிடக்கும் மரத்தை அறுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அதிர்வும் சிறிய விஷயமன்று. நாள்தோறும் நெடுநேரம் தாங்கினால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். முற்றினால் உணர்ச்சி முழுதும் திரும்புவதில்லை. அறுந்த இழையை விரல் நுனியால் தேடி முடிபவர் நெசவாளர். அவருக்கு விரலுணர்ச்சி போனால் தறியும் போயிற்று. ஆதலின் ரம்பத்தை ஒருவரே நாள் முழுதும் பிடியாமல் முறை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். பேரிங் ஆடுகிறது, அடிப்பெட்டி விரிசல் கண்டிருக்கிறது எனில், பெரிய சிலிண்டருக்குச் செலவிடும் பணத்தைப் பிரேக் உள்ள ரம்பத்துக்கெனச் சேர்த்துவைத்தலே சிக்கனம். இதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் மெக்கானிக் சொல்லும் விலையோடு, கெட்ட பிஸ்டனையும் மேசை மீது வைத்து யாவரும் பார்க்கட்டும்.