வெளிநடப்பு முடிந்த பிறகு

அரசு தன் எல்லையைத் தாண்டும்போது எதிர்க்கட்சி என்ன செய்ய வேண்டும்? டீக்கடை முதல் பொதுக்கூட்ட மேடை வரை இதற்கு நாம் சொல்லிப் பழகிய பதில்கள் சில உண்டு. கேள்வி ஞானத்தில் பரவிய அவை தவறானவை. நட்டமோ பெரும்பாலும் கூலித் தொழிலாளிக்கு.

"அத்துமீறல் என்றால் தடியடி, கைது." அத்துமீறல் பெரும்பாலும் அரசாணையாகச் சத்தமின்றி வருகிறது. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி, ஆலைகளுக்கு வேலைநேர விதிகளிலிருந்து விலக்களித்தது குஜராத் அரசு. தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்த பிறகே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவும், ஆலைகளுக்கு அத்தகைய விலக்களிக்கும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைத்தது. தன் அதிகாரத்தைத் தானே நிர்வாகத்திடம் விட்டுக்கொடுக்கும் அவையை யார் தட்டிக்கேட்பது?

"வெளிநடப்பே வீரம்." அந்த மசோதாவை எதிர்த்து ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மசோதாவோ குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற பதிவு இருக்காது. 'டிவிஷன்' கேட்டு வாக்குகளை எண்ணிப் பதிவுசெய்ய வைத்தால்தான் ஒவ்வோர் உறுப்பினரின் நிலையும் தெரியும். வெளியேறுவது தொலைக்காட்சிக்குக் காட்சி தருகிறது; இந்த நம்பிக்கை நீடிப்பதும் அதனால்தான். அன்றைய வெளிநடப்பு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் மசோதா சட்டமாகியிருக்கும். தோழமைக் கட்சிகள் விடாமல் அழுத்தம் கொடுத்தன. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. ஏப்ரல் 24-ல் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

"எண்ணிக்கை இல்லாமல் என்ன செய்ய முடியும்?" பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. சட்டமன்றத்தின் ஒப்புதலின்றித் திரும்பத் திரும்பப் பிறப்பித்தே சிலவற்றைப் பத்தாண்டுக்கும் மேலாக உயிரோடு வைத்திருந்தார்கள். அதைத் தோண்டியெடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் புனேயின் பொருளியல் ஆய்வாளர் டி.சி. வாத்வா. அவர் எம்.எல்.ஏ. கூட இல்லை. இது அரசமைப்பை மோசடி செய்வது என்று 1986 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அரசிதழைப் படிக்கப் பெரும்பான்மை எதற்கு?

"கோர்ட் பார்த்துக்கொள்ளும்." எப்போதும் பார்க்காது. அவசரநிலையில் காரணமின்றிச் சிறைவைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976-ல் உச்ச நீதிமன்றமே 4-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை அவசரநிலையிலும் முடக்க முடியாது என்று 1978-ல் 44-வது திருத்தத்தின் மூலம் உறுதிசெய்தது நாடாளுமன்றம்.

எல்லாவற்றிலும் கேடானது, "எங்கள் ஆட்சி வந்தால் சரியாகிவிடும்" என்பது. 2021 பிப்ரவரி 12 அன்று விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. 2024-ல் ராமுதேவன்பட்டி, செங்கமலப்பட்டி, 2025-ல் சின்னக்காமன்பட்டி என்று சாவுகள் தொடர்ந்தன. நாக்பூரிலுள்ள வெடிபொருள் துறை தரும் லைசென்ஸ் மத்திய அரசின் கையில், ஆலை ஆய்வு மாநில அரசின் கையில் என்பதால் இரு பக்கமும் பழியைத் தள்ளிவிட முடிகிறது. ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சியில் இருப்பவர் நிவாரணத் தொகையை உயர்த்தக் கேட்கிறார். உள்குத்தகைக்கு விட்டதை ஆய்வுக்கு வந்த அதிகாரி கவனித்தாரா, அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், விசாரணை அறிக்கை எங்கே என்று அவையில் விடாமல் கேட்பதில்லை. நாளை அந்த நாற்காலியில் தாமே அமரும்போது இதே கேள்விகள் தம்மை நோக்கி வரக்கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது. நாமும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இனி இரங்கல் சொல்ல எந்த எதிர்க்கட்சி உறுப்பினர் நம் ஊருக்கு வந்தாலும், முந்தைய விபத்தின் அறிக்கையை அவையில் வைக்கச் சொல்லிக் கேட்டீர்களா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.