மணியின் வயது

காஞ்சி மாநகரின் ஒரு பகுதியாகிய பிள்ளையார்பாளையம் பட்டு நெசவிற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள முதிய நெசவாளர் ஒருவரிடம் ஓர் ஆடையைக் கொடுத்தால், அவர் அதன் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை; இழையையே உற்று நோக்குவார். பாவு எவ்வாறு ஓடுகின்றது, ஊடை எவ்வாறு குறுக்கே செல்கின்றது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே, அஃது எவ்வகை நெசவு என்று கூறுவார். நிறம் கண்ணை ஏமாற்றும், இழை ஏமாற்றாது. பழங்காலக் கண்ணாடி மணிகளை ஆராயும் அறிஞரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர்.

தமிழ் நிலத்தில் பண்டைய ஊர்கள் இருந்த மேடுகள் பலவற்றில் சிறு மணிகள் கிடைக்கின்றன. மிளகினும் சிறியனவாய், செம்மை, நீலம், பசுமை, மஞ்சள், கருமை ஆகிய நிறங்களில் அவை விளங்கும். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு இத்தகைய மணிகளுக்கு உலகப் புகழ் பெற்றது. கொங்கு நாட்டுக் கொடுமணலிலும், பழனியை அடுத்த பொருந்தலிலும், வையைக் கரையில் உள்ள கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன.

மணி ஒன்று கிடைத்தால், அது கல்லா கண்ணாடியா என்று அறிவதே முதற்பணியாகும். சூதுபவளம் முதலிய கல்மணிகளில் பெரும்பாலும் இருபுறத்திலிருந்தும் துளையிடுவர். அத்துளைகள் நடுவில் கூடுமிடத்தில் சிறிது விலகியிருத்தலும் உண்டு. கண்ணாடி மணியின் துளையோ அவ்வாறு குடைந்து உண்டாக்கியதன்று. கண்ணாடி இளகியிருக்கும்போதே அமைந்தது. மேலும், உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கின், கண்ணாடி மணியினுள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் தோன்றும்.

அடுத்து, அம்மணியை எவ்வாறு செய்தனர் என்பதை அறிதல் வேண்டும். கண்ணாடி மணி செய்யும் முறைகளுள் இரண்டு சிறப்புடையன. இளகிய கண்ணாடியை ஒரு கம்பியின்மேல் சுற்றிச் செய்வது ஒரு முறை. இவ்வாறு செய்த மணியில் குமிழிகளும் கோடுகளும், தாரில் நூல் சுற்றியதுபோல, துளையைச் சூழ்ந்து வளைந்து செல்லும். மற்றொன்று இழுத்துச் செய்யும் முறை. இம்மணியில் அவை, பாவு நூல்போல, துளையின் போக்கிலேயே நீண்டு கிடக்கும். அரிக்கமேட்டுச் சிறுமணிகள் பெரும்பாலும் இழுத்துச் செய்தவையே.

இழுக்கும் தொழில் வியக்கத்தக்கது. உலையில் இளகிய கண்ணாடியை ஓர் இரும்புக் குழாயின் நுனியில் திரட்டிக் கூம்பாக்குவர். அதன் நடுவே துளை அமைத்து, நுனியைக் கொக்கியால் பற்றி இழுப்பர். கண்ணாடி நீண்ட மெல்லிய குழலாக வந்துகொண்டே இருக்கும். அக்குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். கூரிய விளிம்புகள் இளகி உருண்டையாகும். சாம்பல் துளை அடைபடாமல் காக்கும். ஆந்திர நாட்டுப் பாப்பநாயுடுபேட்டையில் இத்தொழில் அண்மைக் காலம் வரை வழிவழியாக நடைபெற்று வந்தது. அமெரிக்க அறிஞர் பீட்டர் பிரான்சிஸ் அதனை நேரிற் கண்டு, பழைய மணிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். இவ்வகை மணிகள் கீழை ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை பரவியிருத்தலால், அவற்றை ‘இந்திய-பசிபிக் மணிகள்’ என வழங்கினார்.

இங்குதான் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே முறையில் செய்து வந்தமையால், பழைய மணியும் பிற்கால மணியும் உடன்பிறந்தார்போல் ஒத்திருக்கும். மேற்பரப்பு மங்கியிருத்தல் பழமைக்குச் சான்றாகுமோ எனின், ஆகாது. ஈரமும் உவரும் மிக்க மண்ணில் கிடந்த மணி விரைவில் மங்கும். வறண்ட மண்ணில் கிடந்தது நெடுங்காலம் ஒளி குன்றாதிருக்கும்.

வேதியியல் ஆய்வு ஓரளவு துணை செய்கின்றது. பண்டை உரோமர் எகிப்து நாட்டு நேட்ரான் என்னும் உப்பைக் கொண்டு கண்ணாடி ஆக்கினர்; அதில் அலுமினா குறைவு. தென்னாட்டிலும் இலங்கையிலும் கிடைத்த மணிகள் பலவற்றிலோ அலுமினா மிகுதியாக உள்ளது. இவ்வாய்வு கண்ணாடி எந்நாட்டது என்பதைப் பெரிதும் உணர்த்தும். எனினும் மணியின் ஆண்டை அதனால் மட்டும் துணிந்து கூறுதல் அரிது.

அங்ஙனமாயின் மணியின் வயதைச் சொல்லுவது யாது? அது கிடந்த மண்ணேயாகும். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அடுக்கடுக்காக அகழ்ந்தார். ஓர் அடுக்கில் இத்தாலி நாட்டு அரெட்டைன் என்னும் செந்நிறக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அக்கலங்கள் வழங்கிய காலம் முன்னரே அறிந்ததாதலின், அவ்வடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது எனத் துணிந்தார். அத்தகைய அடுக்கில் கிடக்கும் மணிக்கும் கலமே சான்றாகின்றது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் மீண்டும் அங்கு அகழ்ந்து, அவ்வூரின் வாழ்வு கிறித்துவுக்கு முன்னரே தொடங்கியது எனக் காட்டினர். அடுக்குகள் கலையாமல் எஞ்சியிருந்த இடங்களே அதற்கும் உதவின.

எனவே, மழை பெய்து ஓய்ந்தபின் பழைய மேடுகளில் மின்னும் மணியைத் தோண்டி எடுப்பதும், விலைக்கு விற்பதும் பெருங்கேடு விளைக்கும். எடுத்தவர் கையில் அஃது ஓர் அழகிய மணியாக மட்டுமே எஞ்சும்; அருகே கிடந்த ஓட்டினின்றும் கரியினின்றும் பிரிந்தமையால் அதன் வயது மறைந்துவிடும். பின்னர் எத்துணைப் பெரிய அறிஞராலும் அதனை முற்றும் மீட்டல் இயலாது. காஞ்சியிலும் பல்லவர்மேட்டில் 1970-71ஆம் ஆண்டில் அகழாய்வு நடைபெற்றது. நம் காலடியில் இன்னும் அறியப்படாத அடுக்குகள் பல உறங்குகின்றன. அங்கே ஒரு மணியைக் காண்பவர், அதனைத் தொடாது, கண்ட இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தல் கடமையாகும். மணியைக் காப்பது பொருளைக் காப்பது. அது கிடந்த மண்ணைக் காப்பதே வரலாற்றைக் காப்பதாகும்.