பழவேற்காட்டுப் பாடும் பல்கலைக்கழக ஆட்சியும்

கல்வி நிலையங்கள் கட்டடங்களால் நிலைபெறுவன அல்ல, முறையால் நிலைபெறுவன. ஒரு வட்டாரத்தின் பொருட்டு அரசினர் நிறுவும் பல்கலைக்கழகம் எங்ஙனம் ஆளப்படுகிறது, எங்ஙனம் ஆளப்படல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும். இதற்கு அளவுகோலாகச் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர் கைக்கொண்ட பாடு முறையை எடுத்துக்கொள்கிறோம். வலைக்கும் நூலுக்கும் யாது இயைபு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பலர்க்கும் உரிய பொதுப்பொருள் ஒன்றைப் பூசலின்றிப் பலர் கூடி ஆளவேண்டும் என்னும் இடர்ப்பாடு இரண்டிடத்தும் ஒன்றேயாம். அதுவே இயைபு.

முதற்கண் ஏரியின் இயல்பை அறிதல் வேண்டும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், சிறுபகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்திலும் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டைத் தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கரைபோற் கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுந்து அதனோடு கலக்கிறது. 1613 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இக்கரையில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரை வாணிகத்தை நடத்தினர். கோட்டை அழிந்தது, மீன்பிடி தொழில் அழியவில்லை. இறாலானது கடலிற் பிறந்து, குஞ்சாக ஏரிக்குட் புகுந்து வளர்ந்து, மீண்டும் கடலை நாடிச் செல்லும். ஆதலின் நீரோட்டம் மிக்க இடத்தில் வலை கட்டுவோர்க்கு மிகுதியாகவும், ஏனையிடத்தில் கட்டுவோர்க்குக் குறைவாகவும் கிடைத்தல் இயற்கை. வலியவர் நல்லிடத்தைப் பற்றிக்கொள்ளின் எளியவர் கதி யாதாகும்?

இவ்வினாவுக்கு மீனவர் கண்ட விடையே பாடு. கழி நட்டு வலை கட்டுதற்குரிய இடத்திற்கும், அவ்விடத்தில் வலை கட்டும் உரிமைக்கும் இச்சொல் வழங்கும். ஊர் ஊராகவும், ஊருக்குள் குழுக் குழுவாகவும் இவ்விடங்களைப் பங்கிடுவர். யார்க்கு எவ்விடம் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். முறை சுழன்று வருதலின், இன்று வறிய பாட்டில் நின்றவன் பின்னொரு நாள் வளமுடைய பாட்டில் நிற்பான். எந்நாள் எவருடைய முறை என்பது கரையிலுள்ள சிறுவனும் அறிந்ததாகும். தலைவரின் தயவும் செல்வரின் பரிந்துரையும் வேண்டப்படாத ஏற்பாடு இது.

இத்தகைய முறை நம்மவர்க்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளங்க உரைக்கின்றன. அவ்வூரின் 30 குடும்புகளிலிருந்தும் ஓலை எழுதிக் குடத்திலிட்டு வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்தனர். முந்திய 3 ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் தெரியப்படார். கணக்குக் காட்டாதவரோ தாமேயன்றித் தம் உறவினரும் உட்பட விலக்கப்பட்டனர். ஏரியைக் காத்தற்கென ஏரி வாரியம் ஒன்று தனியே இருந்தது என்பதும் நோக்கத்தக்கது. பாட்டிலும் குடவோலையிலும் நாம் காணும் பொதுவிதி இதுவே: ஆள்வோர்க்குத் தவணை வேண்டும், பங்கீட்டில் முறை வேண்டும், அவ்விரண்டும் யாவர்க்கும் வெளிப்படையாதல் வேண்டும்.

ஆயினும் குணத்தை மட்டும் கூறிக் குற்றத்தை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. பாட்டுரிமை பட்டினவர் குலத்துத் தலைக்கட்டுகளுக்கே உரியதாய் நின்றது. பெண்கள் அதில் இடம்பெற்றிலர். நீரில் அமர்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர்க்கும், பிற குலத்து ஏழைகட்கும் அச்சீட்டில் பெயரில்லை. இதனால் பிற்காலத்தில் பூசல்கள் பல விளைந்தன. உத்தரமேரூரிலும் நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே ஓலை எழுதப்பட்டது. உள்ளிருப்பார்க்கு நீதியாய் அமைந்த முறை வெளியிலிருப்பார்க்கு மதிலாய் அமையக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இனிப் பல்கலைக்கழகத்தை நோக்குவோம். 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்தும் நிலையமாகவே முதலில் அமைந்தது. 1904 ஆம் ஆண்டுச் சட்டம் செனட் என்னும் பேரவையின் தொகையைக் குறுக்கிற்று. சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழுவுக்குச் சட்ட நிலை அளித்தது. 1923 ஆம் ஆண்டுச் சட்டம் கற்பிக்கும் பணியையும் விரித்து, பாடத்திட்டம் முதலியவற்றை ஆராயக் கல்விப் பேரவையை வகுத்தது. வேந்தர் தலைமை தாங்க, துணைவேந்தர் நாள்தோறும் ஆட்சி செலுத்த, இம்மூன்று அவைகளும் பொருளையும் கல்வியையும் பகிர்ந்து நோக்குவதே பொது அமைப்பு. பின்னர் 1966 இல் மதுரையிலும், 1982 இல் கோவையிலும் திருச்சிராப்பள்ளியிலும், 1990 இல் திருநெல்வேலியிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள மக்களின் வாயிலுக்கே உயர்கல்வி செல்லவேண்டும் என்பது அவற்றின் கருத்து. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49 இல் ஆராய்ந்த கல்விக்குழுவும் நாட்டுப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று வற்புறுத்தியது.

பழவேற்காட்டுக்கு மிக அணித்தாய் அமைந்தது மீன்வளப் பல்கலைக்கழகமாகும். 1977 இல் தூத்துக்குடியில் தொடங்கிய மீன்வளக் கல்லூரி முதலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும், 1989 இல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனையும் சார்ந்திருந்தது. 2012 இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்திற்கெனவே ஒரு பல்கலைக்கழகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதனைச் சார்ந்த கல்லூரி ஒன்று பொன்னேரியிலும் அமைந்தது. ஏரியின் அண்மையிலேயே ஏரியைப் பற்றிய கல்வி நிலையம் வந்தது நற்பேறேயாம்.

ஆனால் இந்நாளில் பல்கலைக்கழக ஆட்சியைப் பற்றி எழும் வழக்கெல்லாம் எதைப் பற்றியது? துணைவேந்தரை அமர்த்தும் உரிமை ஆளுநராகிய வேந்தருடையதா, மாநில அரசினுடையதா என்பதே அவ்வழக்கு. சட்டமன்றம் நிறைவேற்றி நிலுவையில் நின்ற 10 சட்டவரைவுகள் இசைவு பெற்றனவாகக் கொள்ளப்படும் என 2025 ஏப்ரல் 8 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீன்வளப் பல்கலைக்கழகம் பற்றியதும் அவற்றுள் அடங்கும். துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதிகளுக்கு அடுத்த மே 21 இல் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இதற்கிடையே, 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த சென்னைப் பல்கலைக்கழகம், அடுத்தவர் அமர்த்தப்படாமையால் ஒருங்கிணைப்புக் குழுவின் ஆட்சியில் நடக்கலாயிற்று. தலைமை காலியாய் நிற்பின் நியமனங்கள் தாழ்க்கும், திட்டங்கள் தளரும், துன்புறுவோர் மாணவரே. முறை வரும் நாள் முன்னரே தெரிந்தும் பாட்டை வெறுமையாக விடும் மீனவர் எவருமிலர்.

இவ்வழக்கு சிறிதன்று. எனினும் இதனினும் ஆழ்ந்த வினா ஒன்று கேட்கப்படாமலே கிடக்கிறது: தலைவரை அமர்த்துவார் யார் என்பதோடு, அவையில் அமர்வார் யார்? வேளாண்மையும் மீன்வளமும் சார்ந்த பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களில் செயலாளர், இயக்குநர் முதலியோர் பதவியின் வழியே அமர்வர்; தொழில் செய்வாருள் சிலரை அரசினர் நியமித்தலும் உண்டு. நியமிக்கப்பட்டவர் நியமித்தார்க்கு விடை கூறுவர். ஊரார் தெரிந்தனுப்பியவர் ஊரார்க்கு விடை கூறுவர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடு அறிந்த மீனவர்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

அவையின் குறை திட்டத்திலும் தோன்றும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெருமழை நன்னீரைக் கொணர்கிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து நீரின் உவர்ப்பு மாறுகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கங்களில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் பெருகிவிட்டன. இம்மாற்றங்களை முதலிற் காண்பது ஆராய்ச்சிக்கூடமன்று, வலையே. எத்திங்களில் எவ்விறால் குறைந்தது என்பதைக் கரையில் மீன் கூறுகட்டி விற்கும் பெண்ணும், சேற்றைக் கையால் துழாவும் இருளரும் அறிவர். அவ்வறிவு திட்டம் வகுப்போர் செவிக்கு எட்டாதாயின், அத்திட்டம் முகத்துவாரம் அடைபட்ட ஏரியை ஒக்கும். நீர் நிற்கும், ஓட்டம் இராது.

ஆதலின் நாம் துணிவது இது. பொன்னேரி போன்ற இடத்துக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் வட்டார அவை ஒன்று அமைதல் வேண்டும். அதில் பாட்டுரிமை உடைய ஊரார், அவ்வுரிமை இல்லாதார், பெண்கள் ஆகிய முத்திறத்தாரும் தாமே தெரிந்தனுப்பியவர் இருத்தல் வேண்டும். அவர் பதவி குறுகிய தவணையதாய், முறைமாறி வருவதாய் இருத்தல் நன்று. ஏரியைப் பற்றிய ஆராய்ச்சி முடிபுகளும், அதற்குச் செலவிட்ட பணத்தின் கணக்கும் ஆண்டுக்கொருமுறை தமிழில் கரையிலேயே படிக்கப்படல் வேண்டும். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் பேராசிரியரிடமே நிற்கட்டும். எதை ஆராயவேண்டும் என்று கேட்கும் உரிமையோ ஏரியால் வாழ்வார்க்கும் இருக்கட்டும். வல்லுநரின் அறிவைத் தாழ்த்துவது நம் கருத்தன்று. அது பயன்படுவதற்கு வழி திறப்பதே நம் கருத்து.

பாடு என்னும் சொல் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். பழவேற்காட்டில் அதுவே உரிமையின் பெயருமாயிற்று. உழைப்பார்க்கே உரிமை என்னும் நீதி அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. இக்கல்லூரியிலிருந்து வெளியேறும் நம் மாணவருட் சிலர் ஒருநாள் செனட்டிலோ சிண்டிகேட்டிலோ அமரக்கூடும். அந்நாளில் தம் இருக்கை தமக்குச் சொந்தமன்று, முறையால் வந்தது, முறையால் நீங்குவது என்பதை அவர் நினைவாராக. சீட்டில் பெயரில்லாதார் யாவர் என்று அவையை நோக்கி ஒருமுறையேனும் வினவுவாராக.