அதிரும் இசை... ஆடும் கால்கள்... காது பத்திரம்!

செவ்வாய்க்கிழமை சாயந்திரம். கிளினிக்கில் நல்ல கூட்டம். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார்.

“டாக்டர், இவளுக்கு ரெண்டு நாளா காதுல ‘கொய்ய்’னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்காம். நான் பேசறதும் சரியா காதுல விழலைங்கறா. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விடலாம்னு பார்த்தேன்...”

“நல்லவேளை, விடலையே?” என்றேன்.

மகளிடம் விசாரித்தேன். தோழிகள் மூன்று பேரோடு கோவாவுக்குப் போயிருக்கிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூஸிக் விழா. சாயந்திரம் நாலு மணிக்கு உள்ளே நுழைந்தால் ராத்திரி பத்து மணிவரை ஆட்டம்தான். “ஸ்பீக்கர் பக்கத்துல நின்னாதான் டாக்டர் த்ரில்லே!” என்றாள்.

“பத்திரமா போய்ட்டு வான்னு சொல்லித்தான் அனுப்பினேன்” என்றார் அம்மா, பாதி கோபமும் பாதி கவலையுமாக.

‘பத்திரம்’ என்ற வார்த்தையை நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எதிலிருந்து பத்திரமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தருவதில்லை. அன்று அந்த இரண்டு பேருக்கும் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே என்னதான் நடக்கிறது?

கச்சேரி மாதிரி உட்கார்ந்து கேட்கிற சமாசாரம் இல்லை இது. மேடையில் ஒரு டி.ஜே. கருவிகளை வைத்துக்கொண்டு பாட்டுகளை இடைவெளி விடாமல் கோத்துத் தருவார். நிமிடத்துக்கு 120, 130 தட்டு என்று தாளம் ஓடும். கீழ்ஸ்தாயி அதிர்வு நெஞ்சுக்கூட்டிலேயே வந்து மோதும். எல்லாரும் நின்றபடியே ஆடுவார்கள். பெல்ஜியத்தில் பூம் என்ற ஊரில் ‘டுமாரோலேண்ட்’ 2005-ல் ஆரம்பித்தது. நம் நாட்டில் ‘சன்பர்ன்’ 2007-ல் கோவாவின் காண்டோலிம் கடற்கரையில் ஆரம்பித்தது. சென்னை, கோவைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காசு சேர்த்துக் கிளம்புவது இப்போது சகஜம்.

இசை உடம்புக்கு நல்லது. ஆடுவதும் நல்லது. சிக்கல் அளவில்தான் இருக்கிறது.

ஒரே சாயந்திரத்தில் 24 மடங்கு!

நம் உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள்ளே சுமார் 15,000 ரோம செல்கள். ஒலி வந்ததும் இவை அசைந்து, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நாற்றங்காலில் ஒரு மாடு நடந்துவிட்டுப் போனால் நாற்று சாய்ந்து, மறுபடி நிமிர்ந்துவிடும். மந்தையே மிதித்தால்? ரோம செல்களும் அப்படித்தான். ஆனால் நாற்றை மறுபடி நடலாம்; மனிதக் காதில் செத்துப்போன ரோம செல் திரும்ப முளைப்பதில்லை.

எவ்வளவு சத்தம் தாங்கும்? தொழிலாளர்களுக்காக அமெரிக்காவில் பின்பற்றும் ஓர் அளவுகோல் உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம்... இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்! இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை சொன்னது. அந்த வரையறைக்கு உட்பட்ட விழாவிலேயே ஆறு மணி நேரம் நின்றால், ஒரு நாளைக்கு உரியதைப்போல 24 மடங்கு சத்தம் காதுக்குள் போயிருக்கும். ஸ்பீக்கர் ஓரம் இன்னும் மோசம்.

“அதுக்காக காதைப் பொத்திக்கிட்டா ஆட முடியும்?” என்று கேட்டாள் மகள். முடியும். 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவில் 51 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் காதடைப்பான். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். அடைப்பான் இல்லாதவர்களின் காதுகளில் 100-க்கு 42-ல் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருந்தது. அடைப்பான் வைத்தவர்களுக்கு 100-க்கு 8-தான். காதில் இரைச்சல் என்றவர்கள் அந்தப் பக்கம் 100-க்கு 40 பேர். இந்தப் பக்கம் 12 பேர்.

பஞ்சை உருட்டி வைத்தால் போதாது. ஸ்பான்ஜ் மாதிரி இருக்கும் காதடைப்பானை விரல்களால் மெலிதாக உருட்டுங்கள். இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்பக்கமாக இழுங்கள். உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். இசை கேட்கும், அதன் அடிதான் குறையும். மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போய் நின்றால் காதுக்கு ஓய்வு கிடைக்கும்.

விழா முடிந்த ராத்திரி காதில் இரைச்சல் இருந்தால், அது காது போடும் அபாயச் சங்கு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். அதற்குமேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். திடீரென்று ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் பலன். எண்ணெய், பூண்டுச் சாறு எதுவும் வேண்டாம். கோளாறு உள்காதில், எண்ணெய் போவது செவிப்பறைவரைதான்.

“ரெண்டு நாள்ல சரியாயிட்டா அப்புறம் பயமில்லையே?” என்றார் அம்மா. அப்படியும் சொல்ல முடியாது. 2009-ல் வெளியான எலி ஆராய்ச்சியில், கேட்கும் திறன் முழுசாகத் திரும்பிய பிறகும் உள்ளே நரம்பு இணைப்புகள் பல அறுந்திருந்தது தெரிந்தது. இன்றைய கணக்கை நாற்பது வயதில் காது கேட்டு வாங்கும்.

தண்ணீர்: குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு

இந்த இடத்தில்தான் மகள் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னாள். இரண்டாம் நாள் ராத்திரி தோழிகளில் ஒருத்தி திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். வியர்த்துக் கொட்டியிருக்கிறது. வாந்தி. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில். மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. மருத்துவக் கூடாரம் எதிரிலேயே இருந்தும், மற்ற மூன்று பேரும் இருபது நிமிடம் யோசித்திருக்கிறார்கள்.

“ஏன்?”

“என்ன போட்டீங்கன்னு கேப்பாங்களோன்னு பயம் டாக்டர். நாங்க எதுவுமே போடல. ஆனா வீட்டுக்குத் தெரிஞ்சா...” என்று அம்மாவைப் பார்த்தாள்.

நல்லவேளையாக, அவர்களில் ஒருத்தி துணிந்து போய் ஆளைக் கூட்டி வந்திருக்கிறாள். குளிர்வித்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, இரண்டு மணி நேரம் படுக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வெயில் தாழ்ந்தாலும் நெரிசலில் விடாமல் ஆடினால் உடம்புச் சூடு ஏறும். தசைப்பிடிப்பு, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிழலான, காற்றாடும் இடத்துக்குப் போக வேண்டும். பேச்சு குழறினாலோ குழப்பம் வந்தாலோ அது ஆபத்துக் கட்டம். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்படியானால் லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே இருக்கலாமா? அதுவும் தப்பு. வெறும் தண்ணீர் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று அறிகுறிகள் கிட்டத்தட்ட சூட்டு மயக்கம் மாதிரியே இருக்கும். நாமே பார்த்து இது எது என்று தீர்மானிக்க முடியாது. அதனால்தான் கூடாரத்துக்குப் போ என்கிறேன்.

தாகத்துக்கு ஏற்ப, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே சரி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு கையோடு இருக்கட்டும். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கிளம்புமுன் வயிறார இட்லியோ தயிர்சாதமோ சாப்பிடுவது அதைவிட முக்கியம். பீர் தாகம் தீர்க்காது. சிறுநீரைக் கூட்டி, உள்ள தண்ணீரையும் வெளியே தள்ளும்.

“ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ!”

பேசக் கூச்சப்படுகிற விஷயம். ஆனால் பேசியாக வேண்டும். இம்மாதிரி இடங்களில் ‘எக்ஸ்டஸி’ எனப்படும் எம்.டி.எம்.ஏ. மாத்திரை கைமாறுவது உலகம் முழுக்க உள்ள பிரச்னை. அது உடம்புச் சூட்டை ஏற்றும். களைப்பு தெரியாமல் ஆட வைக்கும். அதே சமயம் சிறுநீர் வெளியேறாமல் தண்ணீரை உடம்பில் தேக்கும். 1995-ல் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் ஏழு லிட்டர் தண்ணீர் குடித்தாள். மூளை வீங்கி இறந்துபோனாள். மாத்திரைக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது. நம் நாட்டில் 1985-ம் ஆண்டு போதைப் பொருள் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

ஆனால் யாராவது சாப்பிட்டுவிட்டால்? மறைக்கவே கூடாது. என்ன, எத்தனை, எப்போது என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான். மயங்கிக் கிடப்பவரை மல்லாக்கப் போடாமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். “தூங்கட்டும், காலைல சரியாயிடும்” என்று தனியே விட்டுப் போவதுதான் உயிருக்கு உலை.

கூட்டமும் விளக்கும்

2010 ஜூலை 24. ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் ‘லவ் பரேட்’ என்ற எலெக்ட்ரானிக் இசை விழா. சுரங்கப்பாதை வழியாக உள்ளே போகிற கூட்டமும் வெளியே வருகிற கூட்டமும் ஒரே சரிவுப் பாதையில் மோதின. 21 பேர் இறந்தார்கள். நெரிசலில் நெஞ்சு அழுந்தி, மூச்சை உள்ளே இழுக்க இடமில்லாமல் போவதுதான் இப்படிப்பட்ட சாவுகளுக்கு முக்கியக் காரணம். கீழே விழாமல் நின்றபடியே சாகிறவர்களும் உண்டு.

நாலா பக்கமும் தோள் இடிக்க ஆரம்பித்தாலே விலகிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சுக்கு இடம் வையுங்கள். எதிர்த்துத் தள்ள வேண்டாம். தள்ளுமுள்ளு ஓயும் நேரம் பார்த்துக் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். செல்போன் விழுந்தால் குனியாதீர்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களில் 100-க்கு 3 பேருக்குப் பளிச் பளிச்சென்று அடிக்கும் விளக்கே வலிப்பைத் தூண்டும். தூக்கம் கெட்டிருந்தால் இன்னும் சுலபமாக வரும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. விளக்கு தொந்தரவு செய்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாகப் பொத்திக்கொண்டு விலகுவது நல்ல உபாயம்.

திங்கட்கிழமை காலை

விழா நல்லபடியாக முடிந்தது. அப்படியே காரை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பலாமா? வேண்டவே வேண்டாம். 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்குச் சமமாக மங்கிவிடுகிறது என்று 2000-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 30 மி.கி.தான்! ஒரு சொட்டு குடிக்காதவரும் தூக்கக் கலக்கத்தில் ‘குடித்தவர்’தான். தூங்கி எழுந்து கிளம்புங்கள். இல்லையென்றால் ரயில், பஸ்.

கிளம்புமுன் நாலு பேர் ஒப்பந்தம்

1. இரண்டு இரண்டு பேராக ஜோடி சேருங்கள். பாத்ரூம் போனாலும் ஜோடியிடம் சொல்லிவிட்டுத்தான்.

2. உள்ளே நுழைந்ததும் முதல் வேலை: வெளியேறும் வழி, மருத்துவக் கூடாரம், சந்திக்கும் இடம் மூன்றையும் பார்த்துவைப்பது. கூட்டத்தில் செல்போன் எடுக்காமல் போகலாம்.

3. ஆளுக்கு இரண்டு ஜோடி காதடைப்பான், இரண்டு ஓ.ஆர்.எஸ்., வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மறக்க வேண்டாம்.

4. திறந்துவைத்த பானத்தை, அறியாதவர் நீட்டும் பானத்தைத் தொடாதீர்கள்.

5. ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் ஓட்டெடுப்பு கிடையாது. ஒருத்தர் உடனே கூடாரத்துக்கு. ஒருத்தர் அவர் பக்கத்தில். கூடாரம் இல்லையென்றால் 108 அல்லது 112.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் காது பரிசோதனை செய்தோம். இரைச்சல் நின்றிருந்தது, கேட்கும் திறனும் சரியாக இருந்தது. அம்மா கேட்டார்: “அடுத்த வருஷமும் போகணும்ங்கறா. விடலாமா டாக்டர்?”

“அது உங்க வீட்டு முடிவு. ஆனா விட்டாலும் விடாட்டாலும் ஒண்ணு சொல்லி வைங்க. ‘எது நடந்தாலும் முதல் போன் எனக்கு. திட்டறதெல்லாம் அப்புறம்’னு சொல்லுங்க” என்றேன்.

அன்று அந்தத் தோழி தரையில் கிடந்த இருபது நிமிடம் வீணானது, வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயத்தால்தான். சூட்டு மயக்கம் முற்றியிருந்தால், அந்த இருபது நிமிடமே உயிருக்கு உலையாகியிருக்கும். காதடைப்பானைக் கடையில் வாங்கிவிடலாம். அந்தப் பயத்தைப் போக்குகிற மருந்து பெற்றவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.